கப்பலில் இரவு சாப்பிட கோட் போட வேண்டுமா?

குரூஸ் பயணத்துக்குப் பணம் கட்டி முடித்ததும் வரும் விவரத்தாளில் எங்கோ ஒரு மூலையில் ஒரு வரி இருக்கும்: 'இந்தப் பயணத்தில் இரண்டு ஃபார்மல் இரவுகள் உண்டு.' முதல் தடவை போகிறவர்களுக்கு அங்கேதான் வயிற்றைக் கலக்கும். கல்யாணத்துக்குத் தைத்த கோட் இப்போது சேருமா, புதிதாக ஒன்று வாங்க வேண்டுமா, ஒரு இரவுச் சாப்பாட்டுக்கு இவ்வளவு செலவா என்று வீட்டில் பேச்சு ஓடும்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். இன்று ஓடும் பெரும்பாலான கப்பல்களில் கோட் கட்டாயம் இல்லை. ஒரு சில கப்பல்களில் சில இரவுகளில் வேண்டும். அந்தக் கப்பல்களிலும் அந்த இரவுகளில் கோட் இல்லாமல் வயிறு நிறையச் சாப்பிட வேறு இடம் இருக்கும். இந்த விஷயத்தில் குழப்பமே வருவதற்குக் காரணம், உடை விதி கப்பல் முழுவதற்கும் பொதுவானது என்று நினைத்துக்கொள்வதுதான். அப்படி இல்லை. விதி ஓர் அறைக்கு, அதுவும் ஒரு குறிப்பிட்ட நேரத்துக்குத்தான். மதியம் அரைக்கால் சட்டையோடு உட்கார்ந்து சாப்பிட்ட அதே மேசைக்கு, இரவு ஏழு மணிக்கு அதே உடையில் போனால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

பெரிய கப்பலில் சாப்பிடும் இடங்கள் பல. வெள்ளைத் துணி விரித்த மேசைகளும் பரிமாற ஆட்களும் உள்ள பிரதானச் சாப்பாட்டுக் கூடம் ஒன்று. இதைத்தான் 'மெயின் டைனிங் ரூம்' என்பார்கள். இதற்கான காசு டிக்கெட்டிலேயே அடங்கிவிடும். மேல்தளத்தில், நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில், நாமே தட்டை எடுத்துக்கொண்டு போகும் பஃபே ஒன்று. ராயல் கரீபியன் என்ற கம்பெனியின் கப்பல்களில் இதற்கு விண்ட்ஜாமர் என்று பெயர். இவை தவிர, தனிக் காசு வாங்கும் ஸ்டேக் ஹவுஸ், இத்தாலிய உணவகம் போன்றவை. பீட்சா கடை, காபிக் கடை எல்லாம் தனி. உடை விதி என்று இவ்வளவு பேசுவதெல்லாம் பிரதானக் கூடத்தின் இரவுச் சாப்பாட்டையும், தனிக் காசு உணவகங்களையும் பற்றித்தான். பஃபேயில் சட்டையும் காலில் ஏதாவது ஒரு செருப்பும் இருந்தால் போதும். ஈர நீச்சல் உடையோடும் வெறுங்காலோடும் மட்டும் உள்ளே வரவேண்டாம் என்பார்கள்.

இனி உடை விதியின் படிகளுக்கு வருவோம். பொதுவாக மூன்று.

கேஷுவல் என்று போட்டிருந்தால் நம் ஊரில் ஞாயிற்றுக்கிழமை மாலை யார் வீட்டுக்காவது போகும்போது உடுத்துவது சரியாக இருக்கும். காலர் வைத்த சட்டை, பேண்ட், நல்ல ஜீன்ஸ், சுடிதார், பருத்திப் புடவை. வீட்டுக்குள் போட்டுக்கொள்ளும் பனியனும் லுங்கியும் இதில் சேராது. அடுத்தது ஸ்மார்ட் கேஷுவல். அலுவலகத்தில் முக்கியமான ஆள் ஒருவர் வரும் நாளில் எப்படிப் போவோமோ அப்படி: இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, கிழியாத, வெளுக்காத பேண்ட், மூடிய ஷூ. கோட் போட்டால் நல்லது, இல்லாவிட்டாலும் யாரும் கேட்கமாட்டார்கள். மூன்றாவது ஃபார்மல். ஆண்களுக்கு இருட்டு நிறத்தில் கோட்-சூட்டும் டையும், அல்லது டக்சீடோவும் (மாலை விருந்துக்கான கோட்-சூட்) போ டையும் (வண்ணத்துப்பூச்சி வடிவ டை). பெண்களுக்கு நீண்ட மாலை கவுன் அல்லது பளிச்சென்ற விருந்து உடை. 'பிளாக் டை' என்று எங்காவது கண்டால் கடையில் போய்க் கறுப்பு டை வாங்கிவிடாதீர்கள். டக்சீடோவும் போ டையும் கொண்ட முழு ஏற்பாட்டுக்கு அதுதான் பெயர். அது இல்லாதவர்களை இருட்டு நிற சூட்டிலும் விட்டுவிடுவார்கள்.

சிக்கல் என்னவென்றால், கம்பெனிக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். கார்னிவலில் 'குரூஸ் எலிகண்ட்'. செலிப்ரிட்டியில் 'ஈவினிங் சிக்'. ஹாலண்ட் அமெரிக்காவில் 'டிரெஸ்ஸி'. கியூனார்டில் 'காலா ஈவினிங்'. இவை எல்லாம் ஒரே உயரத்தில் உள்ள படிகள் அல்ல. ஈவினிங் சிக் இரவில் நல்ல டிசைனர் ஜீன்ஸும் சட்டையும் போட்டு உட்காரலாம். காலா ஈவினிங்கில் அது நடக்காது. ஆகவே பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல், அந்தக் கம்பெனியின் பக்கத்தில் 'எவை கூடாது' என்ற பட்டியலைப் படிப்பதுதான் உத்தமம். 'எவை போடலாம்' என்ற பகுதியில் அலங்கார வார்த்தைகள்தான் நிறைய இருக்கும். விஷயம் இருப்பது 'கூடாது' பட்டியலில்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பாதி விதிகள் தானாகவே விளங்கிவிடும். விமானம் வருவதற்கு முன், ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போக அட்லாண்டிக்கைக் கப்பலில்தான் கடக்க வேண்டும். அந்தக் கப்பல்களில் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்று சாப்பாட்டு அறைகளே தனித்தனி. முதல் வகுப்பில் போன பணக்காரர்கள் தங்கள் மாளிகைகளில் இரவுச் சாப்பாட்டுக்கு உடை மாற்றிக்கொண்டு உட்காருகிறவர்கள். கப்பலிலும் அதையே செய்தார்கள். 1935-இல் ஓடத் தொடங்கிய நார்மண்டி என்ற பிரெஞ்சுக் கப்பலின் முதல் வகுப்புச் சாப்பாட்டுக் கூடம் சுமார் 93 மீட்டர் நீளம். ஜன்னல் கிடையாது. வெளிச்சம் எல்லாம் லாலீக் என்ற பிரெஞ்சுக் கலைஞரின் கண்ணாடி விளக்குகளிலிருந்து. உள்ளே வருகிறவர்கள் படிக்கட்டில் இறங்கித்தான் வரவேண்டும். இறங்கும்போது கூடமே நிமிர்ந்து பார்க்கும். அவர்கள் உடுத்தியதே அந்தப் படிக்கட்டுக்காகத்தான் என்றுகூடச் சொல்லலாம். இன்றைய பெரிய கப்பல்கள் பலவற்றில் பிரதானக் கூடம் இரண்டு, மூன்று தள உயரத்தில், நடுவில் வளைந்த படிக்கட்டோடு இருப்பது இந்த ஆசையின் மிச்சம்தான்.

அந்தக் காலத்தில் இன்னொரு எழுதாத விதி இருந்தது: முதல் நாள் இரவும் கடைசி நாள் இரவும் யாரும் விருந்து உடை உடுத்துவதில்லை. காரணம் மிகச் சாதாரணமானது. பெரிய பெரிய டிரங்குப் பெட்டிகள் முதல் நாள் பிரிக்கப்பட்டிருக்காது, கடைசி நாள் கட்டி முடிக்கப்பட்டிருக்கும். இன்றைக்கும் அதே கதைதான். கப்பல் ஏறும் நாளில் துறைமுகத்திலேயே பெட்டியைக் கொடுத்துவிடுவீர்கள். ஊழியர்கள் ஆயிரக்கணக்கான பெட்டிகளை அறை அறையாகக் கொண்டுவந்து வைப்பார்கள். உங்கள் பெட்டி வரச் சாயங்காலம் ஆகிவிடலாம், சாப்பாட்டு நேரமும் தாண்டிவிடலாம். போட்டுக்கொண்டு வந்த உடையோடுதான் சாப்பிடப் போகவேண்டியிருக்கும் என்பதால் முதல் இரவு எப்போதும் எளிய உடைதான். இதைத் தெரிந்துகொண்டால் ஒரு லாபம் உண்டு: கையோடு எடுத்துப்போகும் பையில் இரவுக்கு ஒரு சட்டையும் பேண்டும் வைத்துக்கொள்ளலாம்.

சரி, ஃபார்மல் இரவு எப்போது வரும்? பெரும்பாலும் 'ஸீ டே' அன்று. அதாவது கப்பல் எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் நாள் முழுக்கக் கடலில் ஓடும் நாள். துறைமுக நாளில் ஆட்கள் வெயிலில் அலைந்து, மணலோடும் வியர்வையோடும் ஐந்து மணிக்குத் திரும்புவார்கள். ஐந்தரைக்கே முதல் பந்தி தொடங்கிவிடும் கப்பல்களில் அவர்களிடம் போய் டை கட்டு என்றால் நடக்குமா? கடல் நாளில் செய்ய வேலை அதிகம் இல்லை. குளித்து, தலை சீவி, அலங்காரம் செய்துகொள்ள நேரம் இருக்கிறது. அதனால் பயணத் திட்டத்தில் எந்த நாளுக்கு எதிரே துறைமுகத்தின் பெயர் இல்லையோ, அந்த நாள் மீது ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கைக்கு ஓர் உதாரணம்: கார்னிவலில் இரண்டு முதல் ஐந்து நாள் பயணத்துக்கு ஒரு எலிகண்ட் இரவு, ஆறு நாளோ அதற்கு மேலோ போனால் இரண்டு.

ஃபார்மல் இரவு கம்பெனிக்கும் வியாபாரம் என்பதை மறந்துவிட வேண்டாம். அன்று சாயங்காலம் படிக்கட்டுகளிலும் கூடத்து வாசல்களிலும் திரைச்சீலையும் விளக்குமாகப் புகைப்படக்காரர்கள் நிற்பார்கள். எடுப்பது இலவசம், பிரதி வாங்கக் காசு. விலை நம் ஊர் ஸ்டுடியோ விலை அல்ல என்பதால் கேட்டுவிட்டு நில்லுங்கள். அதே இரவில் சமையலறையும் கொஞ்சம் தாராளம் காட்டும். பல கப்பல்களில் லாப்ஸ்டர் பிரதானக் கூடத்துக்கு வருவது இந்த மாதிரி இரவில்தான். கோட் போட அலுத்துக்கொள்கிறவர்கள்கூட அதற்காகப் போட்டுக்கொண்டு வருவதுண்டு.

இவ்வளவு கெடுபிடியாக இருந்தது ஏன் தளர்ந்தது? ஒரே காரணம் இல்லை. வகுப்புப் பிரிவு போய், எல்லோருக்கும் ஒரே கூடம் என்று ஆனது. 1972-இல் தொடங்கிய கார்னிவல், கப்பல் பயணத்தைக் கௌரவத்துக்குப் பதில் கும்மாளமாக விற்றது. 2000-இல் நார்வீஜியன் குரூஸ் லைன் 'ஃப்ரீஸ்டைல்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது: குறித்த நேரம் இல்லை, குறித்த மேசை இல்லை, ஃபார்மல் உடையும் அவரவர் விருப்பம். 2008-இல் அமெரிக்காவின் பெரிய விமானக் கம்பெனிகள் முதல் பெட்டிக்கே காசு வாங்க ஆரம்பித்தன. கப்பல் ஏறுவதற்காக விமானத்தில் போகிறவர்களுக்கு, இரண்டு இரவுக்காகக் கோட்-சூட்டையும் ஷூவையும் சுமப்பது கையைக் கடிக்கத் தொடங்கியது. 2015-இன் இறுதியில் செலிப்ரிட்டி ஃபார்மல் இரவை எடுத்துவிட்டு ஈவினிங் சிக்கைக் கொண்டுவந்தது. அதற்கப்புறம் வந்த விர்ஜின் வாயேஜஸ் உடை விதியே வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ஓர் இரவு மட்டும் சிவப்பில் வாருங்கள் என்று ஆசையாகக் கேட்கிறது, அவ்வளவுதான். கட்டணம் அதிகமாக இருந்தால் விதியும் கடுமையாக இருக்கும் என்று எண்ணுவதும் தவறு. வைக்கிங் கடல் கப்பல்கள் விலை உயர்ந்தவை, ஆனால் அங்கே ஃபார்மல் இரவே இல்லை.

மறுகோடியில் கியூனார்ட் நிற்கிறது. சவுத்தாம்ப்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே இன்றும் அட்லாண்டிக்கைக் கடந்துகொண்டிருக்கும் குயின் மேரி 2 அவர்களுடையது. 2004-இல் ஓடத் தொடங்கிய கப்பல். ஏழு இரவுப் பயணம், வழியில் துறைமுகமே கிடையாது, எல்லா நாளும் கடல் நாள். அதில் வழக்கமாக இரண்டு காலா இரவுகள் வரும். 'கறுப்பு வெள்ளை', 'முகமூடி' என்று அந்த இரவுகளுக்குத் தலைப்பும் வைப்பார்கள். மாலை ஆறு மணி அடித்தால் கணக்கு மாறிவிடும். காலா இல்லாத இரவிலும் ஆறுக்குப் பிறகு அரைக்கால் சட்டை பிரதானக் கூடத்துக்குள் வராது. கார்னிவலிலோ சாதாரண இரவில் ஆண்கள் முழங்கால் வரை வரும் நல்ல அரைக்கால் சட்டையில் உட்காரலாம். இரண்டும் ஒரே குழுமத்தின் கம்பெனிகள் என்பது வேடிக்கை.

என் கருத்தைக் கேட்டால், குயின் மேரி 2-இல் டிக்கெட் எடுத்துவிட்டு 'எனக்கு டை பிடிக்காது' என்று மல்லுக்கட்டுவதில் அர்த்தமில்லை. அந்தக் கப்பலுக்கு வருகிறவர்களில் பலர் அந்த இரவுகளுக்காகவே காசு கொடுத்தவர்கள். அப்படியும் வேண்டாம் என்றால் கிங்ஸ் கோர்ட் என்ற பஃபேயும் கோல்டன் லயன் என்ற பப்பும் காலா இரவிலும் எளிய உடையில் வருகிறவர்களுக்குத் திறந்தே இருக்கும். மற்ற கப்பல்களிலும் இப்படித்தான், பஃபே எப்போதும் கைகொடுக்கும். ஒன்றே ஒன்று, பஃபேயில் உங்களுக்கென்று ஒதுக்கிய மேசையும், மூன்றாம் நாளே உங்கள் பெயரையும் காரம் எவ்வளவு வேண்டும் என்பதையும் தெரிந்துவைத்திருக்கும் பரிமாறுபவரும் இருக்கமாட்டார்கள்.

வாசலில் உண்மையில் என்ன நடக்கும்? மேற்பார்வை பார்ப்பவர், மேட்ர டி என்பார்கள், அல்லது அவருடைய உதவியாளர் ஒருவர் நிற்பார். அவர் டையின் முடிச்சை அளந்து பார்ப்பதில்லை. பெரும்பாலும் பார்வை போவது காலுக்கும் தோளுக்கும்தான். ரப்பர் செருப்பு, ஆண்கள் கையில்லாத பனியன், விளையாட்டு அரைக்கால் சட்டை, தலையில் தொப்பி, நீச்சல் உடை, ஓட்டை போட்ட ஜீன்ஸ்: நிறுத்தப்படுகிறவர்களில் பெரும்பாலானோர் இதில் ஏதோ ஒன்றில் மாட்டுகிறவர்கள். நிறுத்தினாலும் சத்தம் போடமாட்டார்கள். 'அறைக்குப் போய் மாற்றிக்கொண்டு வாருங்கள், மேசையை வைத்திருக்கிறோம்' என்ற தொனியில்தான் சொல்வார்கள். ஒரே கம்பெனியிலும் கப்பலுக்குக் கப்பல் கண்டிப்பு மாறும். 'பக்கத்து மேசைக்காரர் டி-சர்ட்டில் இருந்தாரே' என்று வாதாடிப் பயனில்லை.

பெண்களுக்கு இந்த விஷயத்தில் சௌகரியம் அதிகம், ஏனென்றால் விதிகள் பெண்கள் உடையை அவ்வளவு நுணுக்கமாக வரையறுப்பதில்லை. ஆனால் இரண்டு விஷயம் கவனிக்கவேண்டும். கூடத்தில் ஏசி நன்றாகவே குளிரும், தோளில் போட ஒரு சால்வை இருக்கட்டும். கப்பல் ஆடுகிற இரவில் உயர்ந்த குதிகால் செருப்போடு அந்த அழகான படிக்கட்டில் இறங்குவது வீரம்தான், தேவையில்லாத வீரம்.

நம்மவர்கள் கட்டாயம் கேட்கும் கேள்வி: புடவை, வேட்டி கட்டலாமா? புடவைக்குத் தயக்கமே வேண்டாம். பட்டுப் புடவை எந்தக் கப்பலின் எந்த ஃபார்மல் இரவிலும் கவுனுக்குச் சமமாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும். பலர் வந்து விசாரித்து, கூட நின்று படம் எடுத்துக்கொள்வார்கள், அதற்கும் தயாராக இருங்கள். சாதாரண இரவுக்குச் சல்வார், குர்தி எல்லாம் தாராளம். ஆண்களுக்கு ஷெர்வானி, பந்த்கலா கோட் இரண்டும் ஃபார்மலில் சேரும். வேட்டி கொஞ்சம் யோசிக்க வேண்டியது. கியூனார்ட் போன்ற கம்பெனிகள் அந்தந்த நாட்டின் விருந்து உடையை ஃபார்மலாக ஏற்றுக்கொள்கின்றன; ஸ்காட்லாந்துக்காரர் கில்ட் என்ற கட்டம் போட்ட பாவாடையைக் கட்டிக்கொண்டு வருவதும் இந்த வழியில்தான். பட்டு வேட்டியும் முழுக்கைப் பட்டுச் சட்டையும் அந்தக் கணக்கில் நியாயமாகவே வரும். ஆனால் வேட்டியைப் பார்த்தே இராத ஒருவர் வாசலில் நிற்கக்கூடும். முன்கூட்டியே ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பதில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. செருப்புதான் வேட்டியைக் காட்டிக்கொடுக்கும். ரப்பர் செருப்பு இல்லாமல் நல்ல தோல் செருப்போ ஷூவோ போட்டுக்கொள்ளுங்கள்.

2014-இல் சென்னையில் ஒரு கிரிக்கெட் கிளப்பில் வேட்டி கட்டிய உயர்நீதிமன்ற நீதிபதியை உள்ளே விடாமல் நிறுத்தியதும், அதன்பின் தமிழக அரசு வேட்டிக்குத் தடை போடக்கூடாது என்று சட்டமே கொண்டுவந்ததும் பலருக்கு நினைவிருக்கும். அந்தக் கிளப் விதிக்கும் கப்பல் விதிக்கும் பூர்வீகம் ஒன்றுதான், இரண்டும் பழைய பிரிட்டிஷ் விருந்துப் பழக்கத்திலிருந்து வந்தவை. ஆனால் நம் சட்டத்தைக் காட்டி அட்லாண்டிக் நடுவில் வாதாட முடியாது.

பெட்டி கட்டும்போது ஒரு சிக்கல் வரும்: இஸ்திரி. தீ விபத்துப் பயத்தால் கப்பல் அறைக்குள் இஸ்திரிப் பெட்டி கொண்டுபோகத் தடை. கொண்டுபோனால் ஏறும்போதே சோதனையில் எடுத்து வைத்துக்கொள்வார்கள். குயின் மேரி 2, பிரின்சஸ் கப்பல்கள் போன்றவற்றில் பயணிகளே துணி துவைத்து இஸ்திரி போட்டுக்கொள்ளும் அறைகள் உண்டு. ஃபார்மல் இரவுக்கு முன் மாலை நேரத்தில் அங்கே நல்ல கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள். ராயல் கரீபியனில் அந்த அறையே கிடையாது, காசு கொடுத்துப் போட்டு வாங்க வேண்டும். அதனால் சுருங்காத துணியாகப் பார்த்து எடுத்துப்போவது மேல். லேசான சுருக்கம் என்றால் குளியலறையில் சுடுநீரைத் திறந்துவிட்டு, ஆவியில் சட்டையைக் கொஞ்ச நேரம் தொங்கவிட்டால் பெரும்பாலும் நேராகிவிடும். ஃபார்மல் இரவு இரண்டு என்றால் இரண்டு சூட் வேண்டியதில்லை. ஒரே இருட்டு நிற சூட், இரண்டு சட்டை, இரண்டு டை. சூட்டே இல்லாதவர்கள் வாடகைக்குக் கிடைக்குமா என்று முன்பதிவு செய்யும்போதே கேட்கலாம். சில கம்பெனிகளில் அந்த ஏற்பாடு உண்டு.

அன்றன்றைக்கு என்ன உடை என்பதைக் கப்பலில் ஏறிய பிறகு நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய அவசியமில்லை. முதல் நாள் இரவே மறுநாள் நிகழ்ச்சி நிரல் அறைக்கு வந்துவிடும், அல்லது கம்பெனியின் செயலியில் இருக்கும். அதில் 'இன்றைய மாலை உடை' என்று ஒரு வரி உண்டு.

கடைசி இரவு மட்டும் ஒரு எச்சரிக்கை. தூங்கப் போகும் முன் பெட்டிகளை அறை வாசலில் வைத்துவிடச் சொல்வார்கள். ஊழியர்கள் இரவோடு இரவாக எடுத்துப்போய்விடுவார்கள். அப்புறம் காலையில் கரையில்தான் பெட்டியைப் பார்க்க முடியும். போட்டிருக்கும் இரவு உடையைத் தவிர எல்லாவற்றையும் கட்டிக் கொடுத்துவிட்டு, காலையில் அதே உடையோடு குடியேற்ற வரிசையில் நின்ற ஆட்கள் உண்டு. பெட்டியைப் பூட்டும் முன் மறுநாளைக்கு ஒரு சட்டை, பேண்ட், உள்ளாடை, முக்கியமாகச் செருப்பு, இவற்றை வெளியே எடுத்து வைத்துவிடுங்கள்.